ரிப்ளை கார்டு

என் பீரோவின் உள்ளறையில், பழைய ரேஷன் கார்டுக்கும் பாஸ்புக்குக்கும் நடுவில், யாரும் எழுதாத ஒரு தபால் கார்டு இருக்கிறது. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். மறுபக்கம் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு விலாசம், அண்ணியின் கையெழுத்தில். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர் என்பதால் எழுத்து பெரிது பெரிதாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். அந்தக் காலத்தில் போஸ்ட் ஆபீஸில் ரிப்ளை கார்டு என்று விற்பார்கள். இரண்டு கார்டு ஒட்டியபடி வரும். ஒன்றில் நாம் விஷயத்தை எழுத வேண்டும். இன்னொன்றில் நம் விலாசத்தை நாமே எழுதிவிட வேண்டும். வாங்கியவர் அதைக் கிழித்து, பதிலை எழுதிப் பெட்டியில் போட்டால் போதும், அவருக்குப் பைசா செலவில்லை. என்னிடம் இருப்பது அப்படிக் கிழித்து, பதில் எழுதிப் பெட்டியில் போட்டிருக்க வேண்டிய கார்டு.

அம்மா இறந்த மறு வருஷம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதினோரு வயது. அண்ணன் முனிசிபாலிட்டியில் கிளார்க். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பது பாக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்குப் பாக்கியம் என்பது கார்த்திகை மாதம் தெரிந்துவிடும். தீபத்துக்கு லாட்ஜுகளில் வாடகை கேட்டால் தலை சுற்றும் என்பதால், உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு நூல் கிடைத்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். மெட்ராஸிலிருந்து பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, மகன் மருமகள் பேரப்பிள்ளைகளோடு எட்டுப் பேராக வந்து இறங்குவார். யார் வாசலில் பையோடு நின்றாலும் அண்ணியின் முதல் கேள்வி ஒன்றுதான்: "வாங்க வாங்க, பாய் எங்க போடட்டும்?" சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றும்போது நாங்கள் எல்லோரும் மொட்டை மாடியில் நின்று அரோகரா போடுவோம். அண்ணி கீழே வடை போட்டுக்கொண்டிருப்பார். இறங்கி வருகிறவர்களுக்குப் பசிக்குமே.

அப்படி ஒரு தீபத்தின்போது பெரியம்மாவின் மருமகள், பொங்கலையொட்டி நடக்கிற மெட்ராஸ் பொருட்காட்சியைப் பற்றிச் சொன்னாள். பெரிய ராட்டினம் ஒன்று நிற்குமாம். உச்சிக்குப் போனால் கடல் தெரியுமாம், கப்பல்கூடத் தெரியுமாம். அண்ணி வடைமாவுக் கையோடு அப்படியே நின்று கேட்டார். அவர் போளூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவர்கள் ஊர் ஏரி சித்திரையில் வற்றிவிடும். வற்றாத தண்ணீர் என்று ஒன்று இருப்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்து பொங்கல்வரை அண்ணி தனக்கென்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டார், அந்த ராட்டினத்தில் ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும் என்று. அதுவும் மூன்று நான்கு தடவைக்கு மேல் இல்லை. அவர் வேறு எதையும் கேட்டு எனக்கு ஞாபகமில்லை.

அண்ணன் முடியாது என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் திட்டம் போட ஆரம்பித்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் இழுத்தார்: எழும்பூர் சத்திரம், லாட்ஜ், பெரியம்மா வீடு. சத்திரம் மலிவு, ஆனால் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே தங்க முடியாது. லாட்ஜில் ஒரு ராத்திரிக்கு ஆகிற பணத்தில் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வரும். பெரியம்மா வீட்டில் தங்கினால் வாடகை இல்லை, ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. ஒரு சீப்புப் பழம், பூ, அரைக் கிலோ மைசூர்பாகு. அப்படியும் அதுதான் கம்மி. பஸ்ஸைவிட விழுப்புரம் போய் மாறுகிற பாசஞ்சர் ரயில் கம்மி. ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தால் கடலையும் சேர்த்தே பார்த்துவிடலாம், தனியாகப் பீச்சுக்கு பஸ் சார்ஜ் வேண்டாம் என்று அவர் கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்ல முடியும். மனுஷன் கஞ்சன் இல்லை. சம்பளம் அவ்வளவுதான்.

எனக்கு அரை டிக்கெட் என்று முடிவாயிற்று. எனக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது, ஆனால் ஆள் குள்ளம். தாவணியை எடுத்து வைத்துவிட்டு அண்ணி என் பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்துக் கீழே இறக்கித் தைத்தார். செக்கிங் வந்தால் ஆறாவது படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அண்ணி டிக்கெட் பரிசோதகராக நடித்து, குரலைக் கட்டையாக்கிக் கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் எட்டாவது என்று உளறுவேன். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்போம். அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

அண்ணன் ரிப்ளை கார்டு வாங்கி வந்து பெரியம்மாவுக்கு எழுதினார். மூன்று பேர் வருகிறோம், இரண்டு ராத்திரி தங்கலாமா, எந்தத் தேதி தோது என்று கேட்டிருந்தார். பதில் கார்டில் எங்கள் விலாசத்தைத் தன் அழகான ஆபீஸ் எழுத்தில் எழுதினார். தை போயிற்று, மாசி போயிற்று. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் அண்ணி ஈரக்கையோடு வாசலுக்கு வருவார், அப்புறம் உள்ளே போய்விடுவார். பொருட்காட்சி முடிந்துவிட்டது என்று அண்ணன் பேப்பரில் பார்த்துச் சொன்ன அன்று, அண்ணி என் பாவாடை மடிப்பை மறுபடி மடித்துத் தைக்கவில்லை. பாவாடையை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கார்டு வந்தது. அண்ணனின் அதே ஆபீஸ் எழுத்தில் விலாசம். திருப்பினால் பெரியம்மா எழுதியிருந்தார்: எல்லோரும் சௌக்கியம், இந்தத் தடவை தீபத்துக்கு எட்டுப் பேர் வருகிறோம், கைக்குழந்தையும் உண்டு, வெந்நீர் வேண்டியிருக்கும். அவ்வளவுதான். நாங்கள் கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. காசு கொடுத்து வாங்கிய கார்டு வீணாகக் கூடாது என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்து எழுதியிருக்கிறார். அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கடிதக் கம்பியில் குத்தினார். பிறகு பரணிலிருந்து பாய்களை இறக்கி வெயிலில் போட்டார்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. வந்தவுடன் அண்ணியின் கன்னத்தைத் தடவி, இளைத்துவிட்டாயே என்று வருத்தப்பட்டார். சாப்பிடும்போது பொருட்காட்சிப் பேச்சு வந்தது. நீங்களும் வரப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்களே, வந்திருக்கலாமே என்று அவர் கேட்டபோது அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டே, "மேல போனா கடல் தெரிஞ்சுதாங்க?" என்று கேட்டார்.

"தெரியும்னுதான் சொன்னாங்க. எனக்கு பயம்மா, கண்ண இறுக்கி மூடிக்கினேன். எதுவும் பாக்கல," என்றார் பெரியம்மா.

எனக்கு இருபது வயதில் கல்யாணமாகி மெட்ராஸுக்கே போனேன். வில்லிவாக்கத்தில் இரண்டு அறை வீடு, மாமியார், கணவர், பிறகு ஒரு பையன். கல்யாணமான முதல் கார்த்திகையிலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு தீபத்துக்குப் போனேன். லாட்ஜ் பார்க்கலாமா என்று கணவர் கேட்டதற்கு, சொந்த வீடு இருக்கும்போது எதுக்கு லாட்ஜ் என்று பெருமையாகச் சொன்னேன். மறு வருஷம் நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது. வாசலில் அண்ணி, "வா பாப்பா, பாய் எங்க போடட்டும்?" என்றார். என்னிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. நாங்கள் எத்தனை பேர் என்று பின்னால் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர்.

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸுக்கு வெளியே கடற்கரை ரோட்டில் புதிதாக ஒரு பார்க் திறந்தார்கள். வாசலில் ஒரே டிக்கெட், உள்ளே எல்லா ராட்டினமும் ஏறலாம். அப்போதுதான் இந்தக் கார்டு வந்தது. ஒட்டி வந்த மற்றப் பாதியில் அண்ணியே எழுதியிருந்தார். அண்ணன் பழையபடி காலண்டர் தாளை எடுத்துவிட்டார், ஒரே டிக்கெட் என்றால் நமக்கு லாபம் என்கிறார், லாட்ஜ் என்றால் மட்டும் கட்டுப்படியாகாது, உன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்க முடியுமா, மாமியாருக்குச் சங்கடம் என்றால் வேண்டாம். கடைசி வரி மட்டும் அவர் பேசுகிற மாதிரியே இருந்தது: "நாங்க ரெண்டு பேர்தான் பாப்பா, ஒரு பாய் போதும்."

ஏன் பதில் எழுதவில்லை என்று முப்பது வருஷத்துக்கு மேலாக என்னை நானே கேட்டுவிட்டேன். மாமியார் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். வீடு சிறியதுதான், ஆனால் ஒரு பாய்க்கு இடம் இருந்தது. பையனுக்கு அம்மை, கணவருக்கு ஷிப்ட், அடுத்த வாரம் எழுதலாம், அதற்கடுத்த வாரம் எழுதலாம். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரணம் இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருக்கும். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்களோடு கிளம்பி அந்தப் பார்க்குக்கு நாங்களே போய்வந்தோம். கார்த்திகை வந்ததும், நேரிலேயே போகிறோமே, இனி எதற்குக் கார்டு என்று பீரோவில் வைத்துவிட்டேன்.

அந்தத் தீபத்தன்றும் அண்ணி கார்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பொய்யை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். மத்தியானம் பந்தியில் என் பையன், நாலு வயது, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அத்தே, நான் பெரிய ராட்டினம் ஏறுனேனே. மேலேருந்து கடல் தெரிஞ்சுது."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். அண்ணி குனிந்து அவன் இலையில் இன்னொரு வடை வைத்தார்.

"நல்லதா போச்சு கண்ணு. நம்ம குடும்பத்துல ஒருத்தராவது கண்ண தொறந்து பாத்தீங்களே," என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும், நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். அதற்குப் பிறகும் எத்தனையோ தீபங்களுக்குப் போனேன், எத்தனையோ வடை சாப்பிட்டேன். அண்ணன் காலமானார். அண்ணி கடலைப் பார்க்காமலே போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பார்த்திருக்கலாம், நிறைய வருஷங்கள் இருந்தன, பஸ்ஸும் அடிக்கடி விட்டார்கள். நான் கூப்பிடவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. செய்தி வந்த அன்று நான் அழவில்லை. காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது பரணில் அத்தனை பாய்களும் சுருட்டிக் கட்டியபடி இருந்தன. அவற்றைப் பார்த்தும் அழுகை வரவில்லை. மரத்துப் போய்விட்டது போலிருக்கிறது.

இந்த வருஷம் தீபத்துக்கு என் பையன் செல்போனில் செங்கம் ரோட்டுப் பக்கம் ரூம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரமத்துப் பக்கம் ஜாஸ்தி, அடி அண்ணாமலையில் கம்மி, காலை டிபன் சேர்த்தால் இது பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொந்த ஊரில் முதல் தடவையாகக் காசு கொடுத்துத் தங்கப் போகிறோம். எதையாவது முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து கார்டை எடுத்தேன். பழுப்பேறி, ஓரம் மட்டும் சுருண்டிருக்கிறது. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "வாங்க அண்ணி" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதும். அதற்குமேலும் கார்டில் நிறைய இடம் இருக்கிறது.