மச்சான் தேடிய கிரில்

போன மாதம் காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்புக்குள் நானும் என் மச்சான் பாஸ்கரும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். தோப்புக்காரர் வந்து, ''என்னா தேடுறீங்க?'' என்றார்.

''மூக்கு'' என்றான் பாஸ்கர்.

அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

விளக்கிவிடுகிறேன். பாஸ்கர் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். காயலான் கடையில் உடைபட இருந்த ஒரு பழைய மூக்கு பஸ்ஸை வாங்கி வந்துவிட்டான். அந்தக் காலத்தில் என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த பஸ். இப்போது அதற்குள் என்ஜின் கிடையாது. கடலூர் முதுநகரில் ஏதோ ஒரு போட்டில் மாட்டி மீன்பிடிக்கப் போயிருக்கும். போகட்டும்... ஓட்டுவதற்காக வாங்கவில்லை. மெஸ்ஸாக மாற்றத்தான் வாங்கினான்.

மெஸ், அவன் மனைவி சுமதியுடையது. சாலையை அகலப்படுத்தியபோது கட்டடம் போய்விட்டது. யுனிவர்சிட்டிப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு — சேர்ந்த முதல் வாரம் எந்த மெஸ்ஸில் உட்காருகிறார்களோ, டிகிரி வாங்கும்வரை அங்கேதான். அந்த வாரத்தைத் தவறவிட்டால் சுமதிக்கு அந்த பேட்ச்சே கிடையாது. இந்தப் பக்கம் ஆடி வேறு நெருங்குகிறது. ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச அவள் மாமியார் விடமாட்டார். அவர் எனக்கும் மாமியார்தான். ஆகவே நிச்சயமாகச் சொல்கிறேன், விடமாட்டார்.

இப்படித் தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது பாஸ்கர் என்ன செய்தான்? ஒரிஜினல் பார்ட்ஸ் தேடினான்!

சேத்தியாத்தோப்பில் ஸ்டியரிங் கிடைத்தது. குழந்தையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஹெட்லைட் கிடைத்தது. ஹாரன் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றுதான் — மூக்கின் நுனியில், ரேடியேட்டரை மறைத்து நிற்கும் கம்பித் தடுப்பு. அதாவது, கிரில்.

''அது இல்லாம தொறந்தா மூளியா இருக்கும் மாமா. பாக்குறவன் சிரிப்பான்.''

''பசிக்கிறவன் எவனும் சிரிக்க மாட்டான்'' என்றாள் சுமதி. அவள் சொல் அம்பலம் ஏறவில்லை.

பழைய மூக்கு பஸ் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் காடாம்புலியூர் தோப்புக்குப் போனோம். அங்கே கிடந்தது பஸ்ஸே இல்லை, லாரி. ஒரு பலாப்பழத்தோடு திரும்பினோம்.

அடுத்து வாட்ஸ்அப். இருக்கிற எல்லா குரூப்பிலும் பாஸ்கர் தட்டிவிட்டான்: 'பழைய கிரில் தேவை. நல்ல கண்டிஷன். அவசரம்.' பஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. அவன் தலைக்குள்தான் எப்போதும் பஸ் நிற்கிறதே, தனியாக எழுதுவானேன்?

இரண்டாம் நாளே முதுநகரிலிருந்து ஒரு பாய் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான். நானும் கேட்டேன்.

''கிரில் நம்மகிட்ட கீது சார்.''

''ஒரிஜினலா பாய்?''

''கம்பெனி ஐட்டம் சார்.''

''துரு ஏதாவது...?''

''துருவா? தொடச்சி தொடச்சி வெச்சிகிறேன். மூணு அடி அகலம். எவ்ளோ சூடானாலும் ஒண்ணும் ஆவாது.''

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான் சூடு தாங்கத்தானே வேண்டும்? பாஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உடனே ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்தான். துறைமுகத்தில் மீன் வாங்கலாம் என்று சுமதியும் ஏறிக்கொண்டாள். முதுநகரில் பாய் எங்களை டீ கொடுத்து உட்கார வைத்தார். பிறகு மூலையிலிருந்த தார்ப்பாயை இழுத்தார்.

ஆள் உயரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட மிஷின். உள்ளே கோழி குத்திச் சுழலவிடும் கம்பிகள். கிரில் சிக்கன் மிஷின்!

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாஸ்கர் மிஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பாய் பாவம், ''கடைய மூடிட்டேன் சார், அதான் குடுக்கறேன். மிஷின்ல ஒரு கொறையும் இல்ல'' என்று பதறினார்.

சுமதி மட்டும் மிஷினைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்தாள். ஒரு கம்பியைச் சுழற்றிப் பார்த்தாள்.

''கேஸ் ஜாஸ்தி குடிக்குமா பாய்?''

''ஏய், நாம வந்தது பஸ்ஸுக்குக் கிரில் பாக்க'' என்றான் பாஸ்கர்.

''பஸ்ஸுக்கு எதுக்குங்க மூக்கு? புள்ளைங்களுக்கு இருக்குல்ல? சாயங்காலம் இத ஓட்டுனா வாசனைக்கே வந்துருவானுங்க. அண்ணா, நீங்களாவது சொல்லுங்க.''

அண்ணா என்பது நான். என்னத்தைச் சொல்ல? மிஷின் வண்டியில் ஏறிவிட்டது.

சிக்கல் பஸ்ஸில்தான் வந்தது. மிஷினை எங்கே வைப்பது? சாலையில் போகிறவர் கண்ணில் படவேண்டுமென்றால் முன் கண்ணாடிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். அங்கே ஸ்டியரிங் இருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து மடியில் வந்த ஸ்டியரிங்.

பாஸ்கர் வெகுநேரம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சுமதி பஸ் வாசலுக்குக் கீழே நின்றாள். எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவனே, ''மாமா, அந்த ஸ்பேனர எடுங்க'' என்றான்.

ஆடிக்கு முன்னாலேயே பால் காய்ச்சியாயிற்று. காலேஜ் திறந்த முதல் வாரமே பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

நேற்று மாலை போயிருந்தேன். உட்கார இடமில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு கோழி வெட்டிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கை முழுக்க மசாலா. என்னையே ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

''கிரில் கேட்டிருந்தீங்களே சார்...''

''ஃபுல்லா, ஆஃபா?''

''முழுசாத்தான் சார் கெடக்கு. மூக்கு பஸ்ஸோடது. பெயின்ட்டுதான் போயிருக்கு.''

பாஸ்கரின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு, ''கூட்டமா இருக்குண்ணே, அப்பறம் கூப்புடுங்க'' என்றான். நான் போனை வைத்தேன்.

''மச்சான்... நீ ஊர் ஊரா தேடுன சாமான்டா அது!''

''தெரியுது மாமா. கொஞ்சம் நவுந்து நில்லுங்க. ரோட்டுலேர்ந்து பாத்தா கோழி தெரிய மாட்டேங்குது.''