கூட நிற்க ஆள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் உடம்புக்கு என்னவென்று விசாரித்த கையோடு இன்னொரு கேள்வி கேட்பார்கள். "கூடெ ஆருண்டு?" கூட யார் இருக்கிறார்கள் என்று பொருள். அப்படிக் கூட இருக்கும் ஆளுக்குக் கொச்சி முழுக்க ஒரே பெயர்தான், பைஸ்டாண்டர். மருந்துக்கு ஓடுவது, கஞ்சி வாங்கி வருவது, மூத்திரப் பை நிறைந்தால் நர்ஸைக் கூப்பிடுவது, கட்டிலுக்கு அடியில் பேப்பரை விரித்துப் படுத்துக்கொள்வது எல்லாம் அந்த ஆளின் வேலை. ஆள் இல்லை என்றால் அட்மிட் செய்யத் தயங்குவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்.

யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நகரசபையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்குப் பிறகு தம்பிக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. தம்பி மனைவி எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நான் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், மட்டாஞ்சேரியில் தம்பி வீட்டுப் பின்னறைக்குத் திரும்பி வந்தவள். பஜாரில் ஒரு கோடவுனில் சுக்கு பொறுக்குகிறேன். நாள்கூலி. தம்பி லீவு போட்டால் அது லீவு. அவன் மனைவி லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார். நான் போகாவிட்டால் கோடவுனில் ஒரு முறம் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். அதனால் வீட்டில் யார் படுத்தாலும் மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஆணியில் தொங்கும் பிக் ஷாப்பரை எடுப்பேன்.

தம்பி மனைவியின் கடையில் கொடுத்த பெரிய பை அது. பிளாஸ்க், மக், தட்டு, துண்டு, போர்வை, பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் எப்போதும் அதற்குள் தயாராக இருக்கும். அம்மாவுக்குக் கால் எடுத்தபோதும், தம்பி மனைவிக்குப் பிரசவத்திலும், அவள் பெற்ற மகனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோதும் அந்தப் பை என்னோடு வந்தது. அந்தப் பையன் வளர்ந்து மீசை வைத்த பிறகு என்னை ஆஸ்பத்திரி அத்தை என்று கிண்டல் செய்வான். நான் அதைப் பட்டம் வாங்கியதுபோல வாங்கிக்கொண்டேன். மடத்தனம்தான், ஆனால் அப்போது நன்றாகத்தான் இருந்தது.

தம்பி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து கிடந்தபோது, கைக்குழந்தைக்குச் செய்வதையெல்லாம் அவனுக்குச் செய்தேன். கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஒருநாள் அப்படித் திரும்பியபடியே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா போனதே எனக்குத் தெரியலே அக்கா. நீ இருக்கியல்லோ."

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருஷம் வயிறு நிறைந்து வாழ்ந்தேன். கோடவுனில் கூட வேலை செய்கிறவள், நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள் என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எனக்கு ஒரு வீடே இருக்கிறது என்பேன்.

அந்த நாளை என் கர்ப்பப்பை கொண்டுவந்தது. வாழ்நாளில் ஒரு வேலையும் செய்யாதது, கடைசியில் கட்டி வைத்துக்கொண்டு வம்பு செய்தது. எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். கூட நிற்க ஆளுண்டா என்று கேட்டார். உண்டு என்று நான் சொன்ன வேகத்தில் அவரே சிரித்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். தம்பி லீவு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னான். அவன் மனைவி, ஆபரேஷன் அன்று காலையிலேயே தான் வந்துவிடுவதாகச் சொன்னாள். பிக் ஷாப்பரை முதல்முறையாக எனக்காக அடுக்கினேன். அடுக்கும்போது ஏனோ கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அட்மிஷனுக்குப் பையன்தான் பைக்கில் கூட்டிப்போனான். கையெழுத்துப் போட்டான், ராத்திரி வராந்தாவில் படுத்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். காலையில் என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், அவள் வந்ததும் தான் வேலைக்குப் போவதாகச் சொன்னான். நான் அவனிடம், பையை மறந்துவிடாதே, அம்மாவிடம் கொடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். அதனால் எனக்கு நினைவு இருந்தது. எல்லாம் முடிந்து என்னை ட்ராலியில் கதவுவரை கொண்டுவந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி என் பெயரைச் சொன்னாள். பிறகு, "கூடெ ஆருண்டு?" என்று கேட்டாள்.

அந்தக் குரலுக்காகக் கதவுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் நான் எத்தனை முறை காத்திருந்திருக்கிறேன். கேள்வி முடிவதற்குள் எழுந்து நிற்பேன், செருப்பைக்கூடப் போடமாட்டேன். இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, ஓடி வரும் காலடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நர்ஸ் இன்னும் உரக்க என் பெயரைச் சொன்னாள். சினிமாத் தியேட்டரில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவள்போல எனக்கு அவமானமாக இருந்தது. வெளியே இருப்பவர்கள் எல்லாம், யார் இந்த அநாதை என்று நினைப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

"ஞானுண்டு", நான் இருக்கிறேன் என்று ஒரு குரல் கேட்டது. என் பக்கத்துக் கட்டிலில் மகளை வைத்துக்கொண்டிருந்த, கப்பலண்டிமுக்கிலிருந்து வந்த முஸ்லிம் அம்மாள்; வார்டில் எல்லோருக்கும் அவர் உம்மா. சொந்தமா என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அடுத்த கட்டிலாணு" என்றார் அந்த அம்மாள். ட்ராலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வார்டில் என் பை கட்டில்மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. அன்று முழுக்கப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து என் உதட்டில் தடவியது அவர்தான்.

சாயங்காலம் விசிட்டர்கள் வரும் நேரத்தில் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். ஒரு கவரில் ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார்கள். கடையில் ஓண விற்பனை, பஸ்ஸில் வரும்போதே போன் செய்து லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா வந்துவிடுவாள் என்று நம்பிப் பையனும் நேரமானதும் வேலைக்குப் போய்விட்டானாம். சரி, அது கடைக்காரன் குணம். தம்பியைப் பார்த்தேன். அவன் முழங்கையில் இளம்பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எனக்காக லீவு எழுதிக் கொடுத்தவன், பெயின்டர் வந்ததால் வீட்டில் நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பையனுக்குப் பெண் கொடுக்க ஆலுவாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், முன்னறையைப் பளிச்சென்று ஆக்க வேண்டுமாம். பெண் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தியேட்டர் வாசலில் என்னை வாங்க ஆள் இல்லை என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"உனக்கு ஆஸ்பத்திரி சீலமல்லே அக்கா" என்றான் தம்பி. சீலம் என்றால் பழக்கம். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, சமாதானமாகச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நான் அன்பு என்று நினைத்துச் செய்ததெல்லாம் அவர்கள் கணக்கில் என்னுடைய பழக்கம். சிலருக்கு வெற்றிலை, எனக்கு ஆஸ்பத்திரி. விசிட்டர் நேரம் முடிந்து பெல் அடித்ததும் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது உம்மாவிடம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள்.

நான் வீடு திரும்பியபோது ஆலுவாக்காரர்கள் வந்துபோயிருந்தார்கள். முன்னறை நன்றாகத்தான் இருந்தது. நான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவர்களுக்கும் எனக்கும் நல்லதாக இருந்திருக்கும். பின்னறையில் பையை ஆணியில் மாட்டிவிட்டு, உடம்பு தேறியதும் சுக்கு பொறுக்கப் போனேன்.

இந்த வருஷம் தம்பிக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகிவிட்டது. பையன் கோடவுனுக்குப் போன் செய்தான். "அப்பாவை அட்மிட் பண்ணியாச்சு அத்தை. பைஸ்டாண்டர் வேணும்." வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பையைக் கீழே எடுத்தேன். கை தன்பாட்டுக்கு பிளாஸ்க்கைக் கழுவியது, துண்டை மடித்தது. எல்லாம் அடுக்கி முடித்துப் பையின் காதைப் பிடித்தபோது, தியேட்டர் கதவுக்குப் பின்னால் கேட்ட அந்த நிசப்தம் மறுபடி கேட்டது. பையை அப்படியே ஆணியில் மாட்டினேன். படகுத்துறைப் பக்கம் போய் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, விசிட்டர் நேரத்துக்குப் போனேன்.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் கையைப் பார்த்தான்.

"பேக் எங்கே அக்கா?"

வீட்டில் இருக்கிறது என்றேன். உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவன் வாயில் கொடுத்தேன். சாப்பிட்டான். அவன் மனைவி மக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வெந்நீர் எங்கே பிடிப்பது என்று என்னிடம் கேட்டாள். அதைச் சொன்னேன். கால் வீங்கி, முகம் சுருங்கி, அப்பா கடைசியில் இருந்ததுபோலவே இருந்தான். போர்வையை அவன் மார்புவரை இழுத்துவிட்டேன். திருப்தியாக இருந்தது என்று சொன்னால் பொய்.

பெல் அடித்தது. நர்ஸ் வந்து விசிட்டர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, தம்பியின் கட்டிலருகே நின்று கேட்டாள், ராத்திரிக்குக் கூடெ ஆருண்டு என்று. தம்பி, அவன் மனைவி, கால்மாட்டில் நின்ற பையன், மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சும்மா காண வந்ததாணு, சிஸ்டரே" என்றேன்.

மற்ற விசிட்டர்களோடு நடந்தேன். வார்டுக் கதவைத் தாண்டும்போது நர்ஸ் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பது காதில் விழுந்தது. பதில் வர நேரமாயிற்று.