வலை அடைத்த இருக்கை

ஆசிரியை வேலையில் சேரும் முதல் நாள், பெருமைக்காக ராயபுரத்தில் டாக்சி பிடித்தேன். நரைத்த மீசைக்கார ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அதன் இரு ஓரங்களிலும் சாக்கு மூட்டைகளைத் தைத்திருந்தார்.

“ஒரே மீன் நாத்தம்! இதைப் பிடுங்கிப் போடக்கூடாதா?” என்றேன்.

“காசிமேட்டுல கடாசின பழைய வலைம்மா. சாக்குல அடைச்சு நான்தான் தெச்சேன். என் சம்சாரத்துக்கு இடுப்பு நிக்காது. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வண்டி திரும்பினா சாஞ்சுடுவா. இது புடிச்சுக்கும்.”

“இப்போ எப்படி இருக்காங்க?”

“போன மாசம் செத்துப் பூட்டாம்மா. பிரிச்சுடுன்னு மொதலாளி கத்திக்கினு கீறாரு. மனசு வரல.”

நானும் காசிமேட்டில் வலை இழுப்பவரின் மகள்தான். அடுத்த வளைவில் அவர் திரும்பிப் பார்த்தபோது, அந்த மூட்டையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.