கதையில் நான் சேர்த்த பூட்டு

ராயபுரத்தில் ஒரு அச்சுக்கூடத்தில் தாள் மடிக்கிற வேலை எனக்கு. நாங்கள் ஆறு பொம்பளைகள். ஆறு பேரில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் ஐந்தாம் கிளாஸ். கல்யாணமான நாலாம் வருஷமே புருஷன் காலராவில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. அதிகம் பேசமாட்டேன். முதலாளி எதிரில் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வேன்.

பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். மூங்கில் பட்டையால் அழுத்தி மூன்று மடிப்பு மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். எழுத்துத் தெரியாதவர்கள்தான் வேகமாக மடிப்பார்கள். எனக்குக் கை நின்றுவிடும். தாளில் யாராவது அழுதுகொண்டிருந்தால், ஏன் அழுகிறாள் என்று பார்க்காமல் அடுத்த தாளை எடுக்க முடியாது. அப்படித் துண்டு துண்டாகப் படித்துத்தான் கதை எழுதுகிற ஆசை வந்தது. மை கொட்டி வீணான தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் எழுதியது ஒரு ஜமீன் வீட்டுக் கதை. ஜமீன் வீட்டு மாடிப்படியை நான் கண்ணால் பார்த்ததில்லை. பத்துப் பக்கம் எழுதியும் அந்த வீட்டில் யாருக்கும் பசிக்கவே இல்லை. கிழித்துப் போட்டேன். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத வேண்டும் என்று அப்போது பட்டது. எனக்குத் தெரிந்ததோ, எதிரில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தது.

எதிரில் உட்கார்ந்து மடிக்கிறவளும் நானும் ஒரே சந்து, ஒட்டின வீடு. சண்டைக் காலத்தில், துறைமுகத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியாகி, நானும் ஊரைவிட்டுப் போயிருந்தபோது, அவள் புருஷன் கப்பலில் கரி அள்ளப் போய் ரங்கூன் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன மாமியார். வண்டிக்காரன் கிழவியை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டான். அவள் மாமியார் பக்கத்தில் ஒரு பானைச் சோறு வைத்தாள். செம்பில் தண்ணீர் வைத்து, செம்பின் கழுத்தில் சணல் கயிறு கட்டி, மறு முனையைக் கிழவியின் நல்ல கையில் கட்டினாள், இழுத்துக் குடிக்கட்டும் என்று. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். இரண்டு நாளில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து தூக்கிப் போவதாக எண்ணம். அங்கே போனதும் சின்னதுக்குக் கடும் ஜுரம். ஒன்பதாம் நாள்தான் திரும்பினாள். கிழவி எப்போதோ போயிருந்தாள்.

சண்டை முடிந்து புருஷன் வந்ததும், "என் மடியிலதான் போச்சி, நான்தான் கடைசித் தண்ணி ஊத்துனேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வருஷா வருஷம் தாய்க்குப் படைத்த சோற்றில் முதல் உருண்டையை அவள் கையில்தான் வைப்பார். ஒரு வருஷம் அந்த உருண்டையைத் தின்ன முடியாமல் வாந்தி எடுத்தாள். மறுநாள் மடிப்பு வேலையில் உட்கார்ந்திருந்தபோது, தலையைத் தூக்காமல், எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். என்னிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி என்று நினைத்திருப்பாள்.

அதைத்தான் எழுதினேன். தெருவை மாற்றினேன், இரண்டு பிள்ளையை மூன்றாக்கினேன். கதவைச் சாத்திவிட்டு அவள் போகிற இடம் மட்டும் சப்பென்று இருந்தது. நாலைந்து தடவை திருப்பி எழுதினேன். கடைசியில் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள் என்று எழுதினேன். எழுதினதைப் படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நன்றாக வந்துவிட்டது என்று தெரிந்தது.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்போம். எழுதினதை அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது நெசமா நடந்ததா?"

கதைதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினது அன்றுதான். தலையை ஆட்டிவிட்டேன்.

"அப்படிச் சொல்லு. கதைன்னா எவன் வாங்குவான்? நடந்ததுன்னாத்தான் கை நீட்டுவான் பாத்துக்க. உன் பேரு வேண்டாம், ராயபுரத்துப் பெண் ஒருத்தின்னு போடுவோம். மேல 'உண்மையில் நடந்தது'ன்னு செவப்பு மையில. அட்டையில ஒரு பூட்டு."

எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

தாள் அச்சாகி மடிக்க வந்தது. அவள் கதையை அவளே மடித்தாள். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் வேகம்.

"இன்னாமே, உன் புக்குல இன்னா கீது?" என்று கேட்டாள்.

"ராஜா ராணி கதைமே."

"த்தா, ராஜாவையும் ராணியையும் நீ எங்க பாத்தே? சும்மா கத வுடாதே" என்று சிரித்தாள்.

புத்தகம் விற்பவர் ஒருவர் இருந்தார். முன்பு நாடகத்தில் பின்பாட்டுப் பாடினவர், வெண்கலக் குரல். மில்லில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வருகிற நேரம் வாசலில் தகரப் பெட்டியைத் திறப்பார். ஒரு புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிப்பார். கூட்டம் சேர்ந்ததும், முக்கியமான இடம் பார்த்து டப்பென்று மூடிவிடுவார். ஒரு நாள் நானும் போய், கடலை வண்டிக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். பூட்டைப் போட்டுச் சாவியை முடிகிற இடத்தில் மூடினார்.

"பொம்பளயா அவ? பேயி" என்றான் ஒருத்தன்.

"அப்பால கெய்வி இன்னா ஆச்சி நைனா?" என்றான் இன்னொருத்தன்.

"அத்த என் வாயால சொன்னா என் வூட்ல அடுப்பு எரியுமா மாமு? வாங்கிகினு போ. கெய்வி சாவறத குந்திகினு பாக்கலாம்."

சிரித்தார்கள், வாங்கினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மில் வாசலோடு நின்றிருக்கலாம். அடுத்த வாரம் அவர் துறைமுகத்து வாசலுக்குப் போனார். அவள் புருஷன் அப்போது துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலையில் இருந்தார்.

மறுநாள் காலை, குழாயடியில் வரிசை கலைந்த பிறகு, அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீ எய்தினதா அது?"

நான் குனிந்து குடத்தைப் பார்த்தேன்.

"செம்புக் கய்த்துல கவுறு. அது உன்ன வுட்டா யாருக்குமே தெரியாதே. அவரு வந்தப்ப கவுறு செம்புலயே இருந்திச்சி. இன்னாத்துக்குன்னு கேட்டாரு, தண்ணி சேந்தன்னு சொன்னேன். நேத்து வந்து அந்தச் செம்ப எடுத்து முன்னால வச்சிகினு குந்திகினு கீறாரு. நம்ம வூட்டுக் கதையாடின்னு கேக்கறாரு. இல்லன்னேன். நம்பவும் இல்ல, நம்பாமலும் இல்ல." என் கையை விட்டாள். "நீ வந்து சொல்லு. எல்லாம் பொய்யி, நானா கட்டுனதுன்னு சொல்லு. அது ஒண்டி சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போனேன். எல்லாம் பொய் அண்ணே, நானாகக் கட்டினது என்று காலையிலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் முறத்தோடு அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி" என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. செம்ப வுடு. சோத்த வுடு. உசுரோட கீற ஒரு கெய்விய உள்ள வச்சி பூட்டிகினு போவாளா ஒரு பொம்பள? வெளிய நவுந்து வந்து ஒரு சத்தம் குடுத்தாலாவது யாராவது வந்திருப்பாங்களே. அத்தகூட வுடாம பூட்டுவாளா?"

கண் கலங்கியிருந்தது. அந்தப் பெரிய ஆளின் கன்னம் ஆடினதைப் பார்த்ததும், நான் சொல்லிச் சொல்லி வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. அந்த வலியை மட்டும் எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

"பூட்டு நான் சேர்த்தது அண்ணே" என்றேன். "கதைக்காகச் சேர்த்தேன். பூட்டெல்லாம் போடலை."

உள்ளே முறத்தின் சத்தம் நின்றது.

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"இந்தக் கதவுக்குப் பூட்டு மாட்ட நாதாங்கியே கிடையாது தங்கச்சி. எப்பவும் கிடையாது. கதையில பூட்டு கீதே, அப்ப நம்ம வூடு இல்லன்னு நாலு நாளா மனசத் தேத்திகினு கீறேன்." என்னைப் பார்த்தார். "பூட்டு ஒண்டிதான் நீ சேத்ததா?"

இப்போதாவது எல்லாமே பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது போதும் அவருக்கு.

அடிக்கவில்லை, கத்தவில்லை. அன்றிலிருந்து அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வேளையும் ஹோட்டலில் தின்றுவிட்டு வருவார். ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறினாள் என்று சொன்னார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

புத்தகம் தீர்ந்து, அண்ணாச்சி மறுபடி அச்சடிக்க ஏற்பாடு செய்தார். பூட்டை எடுத்துவிடுங்கள் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவரிடம் கேட்டேன்.

"பூட்டுதாம்மா வித்துக் குடுக்கு. அத எடுத்தா என்ன இருக்கு?" என்றார். "கப்பல்ல போன புருசன் திரும்பி வந்து என்ன செஞ்சான்னு எல்லாரும் கேக்கான். அத ஒரு அத்தியாயமா எழுதிச் சேத்திரு."

முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த அத்தியாயத்தை எழுதிக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, ரயில் ஏறின அன்று அவள் என்ன புடவை கட்டியிருப்பாள், கையில் என்ன மூட்டை இருந்திருக்கும், பிள்ளைகள் பின்னால் ஓடி வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே போனேன். ஓடி வந்ததாக வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.