மாமா பலப்படுத்திய கதவு

மாமாவுக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்திருந்த வருஷம் அது. அவர் அம்மாவின் தம்பி. வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வு வரப்போகிறதென்று உக்குவளையில் எங்கள் வாடகை வீட்டில் வந்து தங்கியிருந்தார். தினம் ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்வார். பொழுது சாய்வதற்குள் வீட்டிலுள்ள எல்லோரும் அதை வைத்து ஒரு வாக்கியமாவது சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. சனிக்கிழமைதான் வருவார் என்பதால் தப்பித்தார். அகப்பட்டது நானும் அம்மாவும்தான். எனக்கு ஒன்பது வயது.

அன்றைய சொல் ஸ்ட்ரெங்தன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு சுளுக்கிக்கொண்டது. பால் எலும்பைப் பலப்படுத்தும் என்று ஒருவழியாகச் சொன்னேன். எலும்பு மட்டுமா, சுவரை, படையை, சட்டத்தை, வழக்கில் நம் பக்கத்து நியாயத்தை, ஏன் நட்பைக்கூட அந்தச் சொல்லால் பலப்படுத்தலாம் என்று மாமா அடுக்கினார். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்ப சாயத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் தேயிலை போட்டா, அதுவும் இதுதானா தம்பி?"

மாமா அகராதியைப் புரட்டிவிட்டு, "அதுக்கு இத சொல்ல மாட்டாங்க போலக்கா" என்று இழுத்தார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இரண்டு நாளில் பஸ் ஓட்டம் நின்றது. மாத்தளைப் பக்கம் புகை எழும்பியது. தமிழர் கடைகள் எரிகின்றன என்றார்கள். அன்று மாமா எங்களிடம் வாக்கியம் கேட்கவில்லை. அப்பா கொண்டுவந்து போட்டிருந்த பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்தார். பலகைகளை ஜன்னல்களில் அறைந்தார். பெட்டி ஓரங்களில் இருந்த தகரப் பட்டைகளை நிமிர்த்தி, முன்கதவில் குறுக்கும் நெடுக்குமாக ஆணியடித்தார். பார்க்கப் பயங்கரமாக இருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். ஒரே ஆள் கட்டியவை, ஐந்துக்கும் ஒரே மாதிரிப் பச்சைக் கதவு. தமிழ் வீடு எங்களுடையது மட்டும். அம்மாவைத் தங்கச்சி முறை வைத்து நங்கி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நங்கி, அத கழட்டச் சொல்லுங்க. எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தா அவங்களுக்கு யார் வீடுன்னு தெரியாது. மூணு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க."

அம்மா கெஞ்சினாள். மாமா அசையவில்லை.

"நீங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்கக்கா. ஆளில்லாம விட்டா ஒண்ணும் மிஞ்சாது. கதவு தாங்கும்."

நாங்கள் பின்பக்கமாக வெளியேறியதும், அந்தப் பின்கதவையும் அவர் உள்ளிருந்து பலகை வைத்து அறைகிற சத்தம் கேட்டது.

மதியம் அவர்கள் வந்தார்கள். அக்கா எங்களைப் பின்னறையில் கட்டிலுக்கு அடியில் ஒளித்திருந்தாள். கூட்டம் முதல் வீட்டைத் தாண்டியது, அக்காவின் வீட்டையும் தாண்டியது. பிறகு நின்றது. யாரும் எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இந்தக் கதவைப் பாருடா" என்று ஒருவன் சிங்களத்தில் சொன்னான். சிரித்தார்கள். அப்புறம் இடிக்கத் தொடங்கினார்கள்.

சுவர் அதிர்ந்தது. கதவு அசையவில்லை. திரும்பத் திரும்ப இடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "அம்மா, ஒடையல. மாமா போட்ட கதவு ஒடையல" என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

மண்ணெண்ணெய் வாடை வந்தது. பிறகு மூங்கில் வெடிப்பதுபோல எங்கள் கூரையில் பட்பட்டென்று சத்தம். அதற்கும் மேலே, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசை கேட்டது, அவசர அவசரமாக. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே பாயப் பார்த்தாள். அக்கா அவளை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

இவர்கள் இரண்டு பேரும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாதான் உள்ளே இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன்.