ஒரு ஸ்டாப் முன்னால்

இது நடந்தது. கதை கட்டுவதற்கு எனக்கு நேரமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது என் வேலை. அதனால் 'கண்ணில் ஏதாவது கோளாறாக இருக்கும்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நினைத்துப் பகலில் தைரியமாகத் திரிகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு அது மதியம் ஒன்று இருபதுக்குத் தொடங்கியது.

முதலில் என் அண்ணனைப் பற்றி. மேடை நிகழ்ச்சிகளுக்கு மைக், ஸ்பீக்கர் கட்டுவது அவன் தொழில். நாள் பூராவும் 'ஹலோ… ஹலோ…' என்று மைக் சோதித்தே வயிறு வளர்த்ததால் எல்லோரும் அவனை 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் நானும் ஒரே மாதத்தில் ஆளுக்கொரு வெள்ளை மின்சாரக் கார் வாங்கினோம். வாங்கும்போது இருந்த ஜம்பம் முதல் நீண்ட பயணத்திலேயே அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துச் சாலையில் சார்ஜிங் ஸ்டேஷன்கள் குறைவு. இருக்கிற ஸ்டேஷனிலும் ஒரே ஒரு கன். காரில் செருகும் அந்தத் தடித்த ஒயரின் முனையைத்தான் கன் என்கிறோம். இரண்டு கார் ஒன்றாகப் போனால் ஒன்று வெயிலில் காய வேண்டியதுதான்.

அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். டூர் போகும்போது எங்கள் வீட்டிலிருந்து அண்ணியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் கிளம்பிவிடுவான். அம்மா அப்பாவோடு நான் ஒரு மணி நேரம் கழித்து. நான் போய்ச் சேரும் நேரத்துக்கு அவன் சார்ஜ் முடித்திருப்பான். நான் வண்டியை உள்ளே விடும்போது அவன் வெளியே எடுப்பான். போகிற போக்கில் கையை நீட்டி என் கார் கூரையில் இரண்டு தட்டு. டொக் டொக். "எண்பது பர்சென்ட் வரைக்கும் போட்டுக்கோ. மெதுவா வா." அவ்வளவுதான் பேச்சு. ஒரே டூர் போனோம் என்று பேர், அவன் எப்போதும் எனக்கு ஒரு ஸ்டாப் முன்னால்தான்.

நான்கு மாதத்துக்கு முன், அவன் குடியிருந்த டவுனில் ஒரு நிகழ்ச்சி முடிந்து ஸ்பீக்கரை இறக்கும்போது அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தாள். நான் அடித்துப் பிடித்துக் கிளம்பினேன். வழியில் மூன்று ஸ்டாப். மூன்றாவது ஸ்டேஷனில் கன்னைச் செருகிவிட்டு நின்றபோது மறுபடி போன் வந்தது. எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "தங்கச்சி எந்த ஸ்டாப்ல இருக்கா?"

அவன் முகத்தை நான் பார்த்தேன். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது.

அண்ணி குழந்தையோடு தன் அக்கா ஊருக்குக் குடிபோக முடிவு செய்தாள். வீட்டைக் காலி செய்ய ஒத்தாசைக்கு வரச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை அதே சாலையில் தனியாகக் கிளம்பினேன். எந்த ஸ்டேஷனில் எத்தனை சதவீதத்தோடு சேருவேன், ஏற்றம் எங்கே என்றெல்லாம் முந்தின நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதுவரை அதெல்லாம் அண்ணன் வேலை.

முதல் ஸ்டேஷன் ஒரு டயர் கடையின் பக்கவாட்டில். ஒன்று இருபது. கன்னை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே வருகிறவர்கள் ஒயரைத் தரையில் கடாசிவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று அது அழகாகச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக. முறுக்கு விழாமல் மைக் ஒயரைச் சுற்றுகிற சுற்று. கன்னின் பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

டயர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"இப்பதான் ஒரு கார் போச்சு. கால் மணி நேரம் இருக்கும்."

"என்ன கார்?"

"உங்க கார் மாதிரிதான். வெள்ளை."

வெள்ளைக் கார் உலகத்தில் ஆயிரம் இருக்கும். அண்ணன் கார் அவன் வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. அவன் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சார்ஜ் போட்டேன். ஆனாலும் வழி நெடுக என் கண் முன்னால் போகும் வண்டிகளையே துழாவிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஸ்டேஷன் மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம். நான்கு ஐந்து. நல்ல தூறல். ஸ்டேஷனில் கார் எதுவும் இல்லை. ஆனால் போன் ஆப்பில் 'பயன்பாட்டில்' என்று காட்டியது. சார்ஜரின் உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ம்ம்ம்ம்ம்… கன் தன் இடத்தில்தான் மாட்டியிருந்தது. ஒயர் அதே சுற்று.

டக்.

விசிறி நின்றது. ஆப் 'காலி' என்று மாறியது.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சுற்றிலும் ஈரம். நடுவில் மட்டும், ஒரு கார் அளவுக்கு, நீள்சதுரமாகக் காய்ந்த இடம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் தூறல் விழுந்து புள்ளி புள்ளியாக நனையத் தொடங்கியது.

காவலாளி குடையோடு வந்தார்.

"நீங்கதான் தங்கச்சியா?"

"யார் சொன்னது?"

"இப்பப் போனவர்தான். பின்னாடி தங்கச்சி வருது, வேற யாரையும் போட விடாதீங்கன்னார்."

"எப்பப் போனார்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். எதிர்ல பாக்கலையா?"

நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பங்க்குக்கு வாசல் ஒன்றே ஒன்று.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கால் மணி நேரமாக இருந்த இடைவெளி இரண்டு நிமிடமாகிவிட்டதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கன்னைச் செருகிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தேன். சதவீதம் ஆமை வேகத்தில் ஏறியது. எண்பது வரை காத்திருந்தால் அவன் எங்கேயோ போய்விடுவான்.

நான்கு முப்பத்தைந்து. ஐம்பத்திரண்டு சதவீதம்.

டொக் டொக்.

தலைக்கு மேலே. கூரையில்.

கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். யாரும் இல்லை. காவலாளி தூரத்தில் தன் அறைக்குள் இருந்தார். கூரை மேல் இருந்த மழைத்துளிகளுக்கு நடுவே, உள்ளங்கை அளவுக்கு, இரண்டு இடம் துடைத்தது போலிருந்தது…

கன்னைப் பிடுங்கினேன். கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஸ்டேஷனுக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஐம்பத்திரண்டில் நிதானமாகப் போனாலே இழுபறிதான். மின்சாரக் காரை விரட்டினால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். இது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த பால பாடம். எனக்கும் தெரியும். ஆனாலும் கால் அழுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஒரு தடவையாவது அவனை எட்டிப் பிடித்துவிட வேண்டும். அவன் என்னைப் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை.

மழை வலுத்தது. முப்பது சதவீதம். மிச்சம் எழுபது கிலோமீட்டர்.

ஏசியை நிறுத்தினேன். கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

பதினைந்து. மிச்சம் நாற்பத்தைந்து.

ஐந்து…

இரண்டு…

ஓரம் கட்டினேன். கார் நின்றது. ஐந்து முப்பது. ஸ்டேஷனுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.

நின்றுபோன வண்டிகளை ஏற்றிப் போகும் டோயிங் லாரிக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். ஆப்பைத் திறந்து மூன்றாவது ஸ்டேஷனைப் பார்த்தேன்.

'பயன்பாட்டில்.'

ஆறு மணிக்குப் பார்த்தேன். 'பயன்பாட்டில்.'

ஆறரை. 'பயன்பாட்டில்.'

எந்தக் கார் இத்தனை நேரம் சார்ஜ் போடும்…

அப்போதுதான் பயம் வந்தது. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை. நான் துரத்திக்கொண்டு வந்தது யாரை? இறந்து நான்கு மாதமான ஒருவனை. அந்த மூன்றாவது ஸ்டேஷனில் நின்றுதான் அவன் சாவுச் செய்தியைக் கேட்டேன்.

ஆறு ஐம்பதுக்கு லாரி வந்தது. காரை மேலே ஏற்றிக் கட்டினார் டிரைவர். நான் முன்னால் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"பக்கத்துலயே ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கே மேடம். அங்க இறக்கிடவா?"

"வேண்டாம்."

"கிட்டதான்."

"வேண்டாங்க. நிறுத்தாம நேரா டவுனுக்குப் போயிடுங்க."

அந்த இடம் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். யாரைப் பார்க்கத் தவித்து ஓடி வந்தேனோ, அவனுக்கே பயந்து கண்ணை மூடினேன். அது தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் திறந்தேன்.

அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற துக்கம் போதும். ஒரு வாரம் இருந்து, அவளையும் குழந்தையையும் வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் அந்த மூன்றாவது ஸ்டேஷனில் நிறுத்தினேன். காலை பத்து மணி. பளிச்சென்று வெயில். எதிரில் ஒரு சின்னக் கடை. கடைக்கார அக்காவிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"போன சனிக்கிழமை சாயங்காலம் இங்க யாராவது சார்ஜ் போட்டிருந்தாங்களாக்கா?"

"ஒருத்தர் இருந்தார். அஞ்சரைக்கெல்லாம் வந்துட்டார். சார்ஜ் முடிஞ்சும் காரை எடுக்கல. ஏன்னு கேட்டேன். எப்பவும் அவ வந்ததுமே கிளம்பிடுவேன், இன்னைக்கு இருந்து பாத்துட்டுத்தான் போவேன்னார். தங்கச்சியாம்."

என் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"கொட்டுற மழையில ரோட்டோரமாவே நின்னார். உள்ள வாங்கன்னா கேக்கல. ஏழே கால் இருக்கும். லாரி ஒண்ணு வெள்ளைக் கார் ஒண்ணை ஏத்திட்டுப் போச்சு. அதைப் பாத்ததும் கையைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடினார். என்னமோ கூப்பிட்டார். லாரி நிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் ஆளையும் காணோம், காரையும் காணோம்."

அக்கா கல்லாவைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள்.

"பாவம் மனுஷன். அந்தத் தங்கச்சி வந்து சேர்ந்துச்சா என்னன்னு தெரியல."

"வரலைக்கா," என்றேன்.