பேச்சிக்கு விட்ட ஒரு முழம்

இங்கே சீமையில் பனி பெய்த காலையில் தெருவில் இறங்கி நின்றால் எல்லா வீட்டுக் கூரையும் வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் கூரை மட்டும் கறுப்பாக இருக்கும். போன வருஷம் அதைப் பார்த்து எனக்குப் பெருமை. பனிகூட நம் வீட்டில் நிற்கப் பயப்படுகிறது என்று மகன் சங்கரிடம் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“எம்மா, அது பெருமையில்ல. நம்ம வீட்டுச் சூடு அம்புட்டும் ஓட்டு வழியா வெளிய போகுது. பழைய வீடுல்லா, லாஃப்ட்ல ஒண்ணுமே கெடையாது.”

பனி உருகாத கூரைதான் நல்ல கூரையாம். ராஜபாளையத்தில் ஓட்டின்மேல் கீற்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, சூட்டை விரட்டத்தான் பாடுபட்டிருக்கிறோம். அதைப் பிடித்து வைக்க ஆள் கூப்பிடுவதை இங்கேதான் பார்க்கிறேன். லாஃப்ட் என்பது சாய்ந்த ஓட்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கிற இருட்டு இடம். அங்கே ஒன்றுமே கிடையாது என்று மகன் சொன்னது பொய். அங்கே பேச்சி இருக்கிறாள்.

பேச்சி என் மூத்த மகள். பதினோரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். பாவாடை, சட்டை, வளையல், சீப்பு எல்லாம் ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கூரை விட்டத்தில் கட்டுவோம். அதற்கு மேலே மனிதக் கால் படக்கூடாது. வருஷா வருஷம் தை மாதம் புதுப் பாவாடை வைக்க வேண்டும். அவுக அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் இடித்துவிட்டு மாடி கட்டப்போவதாகச் சொன்னார்கள். பெட்டியை அவிழ்த்து, விமானத்திலும் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்து, இங்கே லாஃப்ட் விட்டத்தில் கட்டினேன்.

வந்த முதல் குளிரிலேயே பார்த்தேன், ஓடு சாய்ந்து சுவரைத் தொடுகிற இடத்தில் நீளச் சந்து, அதன் வழியே ஊசிக் காற்று. பிள்ளை நடுங்குவாளே என்று, சங்கர் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஏணியில் ஏறி, என் பழைய சேலைகளைக் கிழித்துச் சந்து முழுவதும் திணித்தேன். மில்லில் இருபது வருஷம் பஞ்சில் கிடந்தவள் நான். எது குளிர் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா?

இந்தக் கார்த்திகையில் கூரை வேலைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நரைத்த தாடி, தலையில் தொப்பி. மஞ்சள் பஞ்சைச் சுருள் சுருளாக இறக்கினார். நான் கொஞ்சம் பிய்த்து விரலில் திரித்துப் பார்த்தேன். “நோ, நோ” என்று கையை ஆட்டினார். “பஞ்சைப் பத்தி எனக்கா சொல்ல வாரான்?” என்றேன். அது கண்ணாடியில் செய்த பஞ்சாம். இரண்டு நாள் கை அரித்தது.

மேலே போனவர் என் சேலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். எல்லாம் சொதசொதவென்று ஈரம்.

“எம்மா, காத்து போய் வரத்தான் அந்தச் சந்து. அடைச்சா, கீழருந்து போற ஈரம்லாம் மரத்துல வேர்த்துச் சொட்டுமாம்” என்றான் சங்கர்.

ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். தையில் வைத்த பச்சைப் பாவாடையில் கரும்பூசணம் பிடித்திருந்தது. குளிருக்குப் பயந்து நானே என் பிள்ளையை ஈரத்தில் போட்டிருக்கிறேன்.

பஞ்சை ஓட்டின் அடியில் ஒட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, எங்கள் தலைக்கு நேர்மேலே லாஃப்ட்டின் தரையில் மெத்தைபோல விரிப்பார்களாம். சூடு கீழேயே நிற்குமாம்.

“அப்ப மேல?”

“மேல இன்னும் குளிரும்மா. அங்க யாரு இருக்கா?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வெள்ளைக்காரர் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். பழைய துணி என்று இவன் பதில் சொன்னான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

“ஏலே, ஒங்க அக்கான்னு சொல்லுலே. ஒன்ன இடுப்புல சொமந்துக்கிட்டே தெருத் தெருவா திரிஞ்சவ.”

அவன் சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெட்டியில் அவள் சாம்பல் இருப்பதாக நினைத்துவிட்டார் என்று சங்கர் பிறகு சொன்னான். நாங்கள் சாம்பலை வீட்டில் வைக்கிறவர்கள் இல்லை. ஆனாலும் திருத்த வேண்டாம் என்றேன். தொப்பியைக் கழற்றியவரிடம் என்ன திருத்தம்?

“பெட்டிக்கு நேர் கீழ ஒரு முழம் பஞ்சு போடாம விடச் சொல்லு.”

“சூடு வீணாப் போயிரும்மா.”

“எங்க போவுது? அவகிட்டதான போவுது.”

சங்கர் அதை அவரிடம் அப்படியே சொன்னான். கத்தியால் ஒரு முழத்துக்குப் பஞ்சை வெட்டி எடுத்துவிட்டார்.

அதற்குக் கீழேதான் என் கட்டில். வீடெல்லாம் கதகதப்பாக இருக்க, என் முகத்தில் மட்டும் குளிர் இறங்குகிறது. அது கிடக்கட்டும். எனக்குப் பிறகு ஏணியில் ஏறிப் பாவாடை மாற்றப்போவது யார்? சங்கரிடம் கேட்கவில்லை. இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பேன்? ஊரில் அவளுக்குக் கூரை இல்லை. இங்கே கூரை இருக்கிறது, அவளைத் தெரிந்த ஆள் இல்லை.

நேற்றுப் பனி பெய்தது. தெருவில் இறங்கிப் பார்த்தேன். எல்லாக் கூரையும் வெள்ளை, எங்களுடையதும் வெள்ளை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும், சின்னப் பிள்ளை சுருண்டு படுக்கிற அளவுக்கு, ஓடு கறுப்பாகத் தெரிந்தது. எதிர் வீட்டுக்காரி அதைக் காட்டி, ஐயோ பாவம் என்கிற முகத்தோடு என்னவோ சொன்னாள். கூரை கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு, கால் விறைக்கும்வரை அங்கேயே நின்றேன்.